ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த வீடும் 4.8 வோல்ட் பேட்டரியும்

கேள்வி: காரைக்குடியில் எங்களுக்குத் தனி வீடு. மகளின் பிரசவத்துக்காக நானும் கணவரும் பெங்களூரு போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தோம். கிளம்பும்போது மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்து மெயினைப் போட்டால் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை. 150 ஏ.ஹெச் டியூபுலர் பேட்டரி, வாங்கி நான்கு வருடம் ஆகிறது. எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்து 4.8 வோல்ட் என்றார். கடைக்காரர், "பேட்டரி செத்துப்போச்சு, 16,000 ரூபாய் ஆகும், புதுசு போட்டுடுங்க" என்கிறார். தெருமுனை மெக்கானிக் 1,500 ரூபாய் கொடுத்தால் ஆசிட்டை மாற்றிச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். என் தம்பி மகன் எப்சம் உப்பு போட்டால் போதும் என்று வீடியோ காட்டுகிறான். அது இல்லாவிட்டால் அவன் கார் பேட்டரியோடு சேர்த்துக் கட்டி ஏற்றலாம் என்கிறான். இதில் எது சரி? வீட்டில் வைத்துச் செய்வது ஆபத்தா?
- ஓய்வு பெற்ற ஆசிரியை, காரைக்குடி

பதில்: அன்புள்ள அம்மா, முதலில் மூன்று நாளைக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பேட்டரிக்குள் எதையும் ஊற்றவும் விடாதீர்கள். 4.8 வோல்ட் என்றால் பேட்டரி அடியோடு காலி என்று அர்த்தம். செத்ததா, பிழைக்குமா என்பது அந்த எண்ணில் தெரியாது. குறைந்த கரண்டில் இரண்டு மூன்று நாள் நிதானமாக சார்ஜ் போட்டு, அதன்பின் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லிலும் கிராவிட்டி (உள்ளே இருக்கும் திரவம் தண்ணீரைவிட எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் எண்) பார்த்தால்தான் தெரியும். அதைப் பார்க்காமல் "செத்துப்போச்சு" என்பவர் புது பேட்டரி விற்கப் பார்க்கிறார். "பிழைக்க வைக்கிறேன்" என்பவர் ஆசிட் விற்கப் பார்க்கிறார்.

இன்னொன்று. பீரோவில் வாரண்டி கார்டைத் தேடி எடுங்கள். டியூபுலர் (பாசிட்டிவ் பிளேட் குழாய் குழாயாக இருக்கும் வகை) பேட்டரிகளில் முதல் மூன்று வருடம் போல இலவசமாக மாற்றிக் கொடுத்துவிட்டு, மீதிக் காலத்துக்குப் புது பேட்டரி விலையில் கழிவு கொடுக்கும் திட்டங்கள் நிறைய உண்டு. நான்கு வருடம் என்கிறீர்கள், இன்னும் அந்தக் கழிவுக் காலத்துக்குள் இருக்கலாம். அப்படி இருந்தால் கம்பெனியின் சர்வீஸ் ஆளையே வரச் சொல்லுங்கள். வெளியாள் மூடியைத் திறந்து ஆசிட்டோ உப்போ போட்டது தெரிந்தால் வாரண்டி அத்தோடு போய்விடும்.

பேட்டரி இப்படி ஆனதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மெயினை ஆஃப் செய்தீர்கள், இன்வெர்ட்டரை ஆஃப் செய்யவில்லை. மெயின் போனால் இன்வெர்ட்டருக்கு அது வெறும் கரண்ட் கட்தான். பேட்டரியிலிருந்து 230 வோல்ட் தயாரித்து வீட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடும். ஒரு பல்பு எரியாவிட்டாலும், சும்மா விழித்திருப்பதற்கே மாடலைப் பொறுத்து அரை ஆம்பியரிலிருந்து ஒன்றரை ஆம்பியர் வரை இழுக்கும். ஏ.ஹெச் என்பது ஆம்பியர்-மணி; ஒரு ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 150 ஏ.ஹெச் பேட்டரி 150 மணி நேரத்தில், அதாவது ஆறு நாளில் காலி. ஹாலில் வைஃபை பெட்டியோ பூஜை அறையில் சின்ன பல்போ இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் அதைவிடச் சீக்கிரம். 10.5 வோல்ட் அருகே வந்ததும் இன்வெர்ட்டர் வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்திவிடும், ஆனால் அதன் போர்டு சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படியே நாலரை மாதம். பூட்டிய வீட்டுப் பேட்டரிகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. தயாரிப்பில் குறை இல்லை.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், நீங்கள் ஆசிரியை, சுலபமாகப் பிடித்துக்கொள்வீர்கள். பாசிட்டிவ் பிளேட்டில் இருப்பது லெட் டை-ஆக்சைடு. நெகட்டிவில் நுரைபோன்ற ஈயம். நடுவில் கந்தக அமிலமும் தண்ணீரும். பேட்டரி கரண்ட் கொடுக்கும்போது அமிலத்தில் உள்ள சல்ஃபேட் இரண்டு பிளேட்டிலும் போய் ஒட்டி லெட் சல்ஃபேட் ஆகிறது; திரவத்தில் தண்ணீர்தான் மிஞ்சுகிறது. சார்ஜ் போட்டால் சல்ஃபேட் பிளேட்டை விட்டு இறங்கி மறுபடி அமிலமாகிறது. 1859-ல் பிரான்ஸில் காஸ்டன் பிளான்டே செய்து காட்டிய முதல் ஈய பேட்டரியிலிருந்து உங்கள் வீட்டுப் பேட்டரி வரை வேலை இதேதான். சிக்கல் எங்கே என்றால், புதிதாக ஒட்டிய சல்ஃபேட் பொடி மாதிரி இருக்கும், சுலபமாகக் கரையும். மாதக்கணக்கில் விட்டால் சர்க்கரைப் பாகு கற்கண்டாக இறுகுவதுபோலப் பெரிய பெரிய படிகமாகிவிடும். அது கரண்ட்டையும் சரியாகக் கடத்தாது, சீக்கிரம் கரையவும் கரையாது. உங்கள் பேட்டரியில் எவ்வளவு பொடியாக இருக்கிறது, எவ்வளவு இறுகிவிட்டது என்பதுதான் கேள்வி. நான்கு வருடப் பேட்டரிக்கு இந்த முயற்சி செய்து பார்க்கலாம். இதே கதையை ஏழு வருடப் பேட்டரிக்கு எழுதியிருந்தால், கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

இன்வெர்ட்டர் ஏன் சார்ஜ் ஏற்ற மறுக்கிறது? அது பழுதாகவில்லை. எதிரே 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது என்று நம்புவதற்கே பல இன்வெர்ட்டர்களுக்குக் குறிப்பிட்ட அளவு வோல்டேஜாவது வேண்டும். 4.8 என்றால் பேட்டரியே இல்லை, அல்லது கோளாறான ஒன்று மாட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும். இப்போது வரும் ஆட்டோமேட்டிக் கார் சார்ஜர்களிலும் இதே குணம் உண்டு. அதனால் கரண்ட்டைக் கையால் கூட்டிக் குறைக்கும் குமிழும், ஆம்பியர் மீட்டரும் உள்ள பழைய மாதிரி பெஞ்ச் சார்ஜர் வேண்டும். லாரி, டிராக்டர் பேட்டரிகளுக்கு சார்ஜ் போடும் கடையில் கட்டாயம் இருக்கும்.

வீட்டிலா, கடையிலா? என் யோசனை, கடையில்தான். இந்தப் பேட்டரி ஆசிட்டோடு 50 கிலோவுக்கு மேல் இருக்கும். நீங்களும் ஐயாவும் அதைத் தொடவே வேண்டாம். இரண்டு ஆட்கள், சாய்க்காமல் நேராகத் தூக்கி ஆட்டோவில் வைக்க வேண்டும். கடையில் என்ன செய்ய வேண்டும் என்று கீழே எழுதுவதை அப்படியே சொல்லுங்கள், அல்லது இந்தப் பதிலையே காட்டுங்கள். தம்பி மகன் பொறுமையான ஆள், பெஞ்ச் சார்ஜர் ஒன்று இரவல் கிடைக்கிறது என்றால் போர்ட்டிகோவில் வைத்துச் செய்யலாம். வீட்டுக்குள் கூடாது, மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் கூடவே கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சார்ஜ் நிறையும் கட்டத்தில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியே வரும். 5 ஆம்பியரில் ஆறு செல்லும் கொதிக்கும்போது மணிக்குச் சுமார் 12 லிட்டர் ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள அலமாரியில் 1,000 லிட்டர் காற்று. அதில் 4 சதவீதம் 40 லிட்டர். காற்றோட்டமே இல்லாவிட்டால் மூன்று நான்கு மணி நேரம் போதும். நம் வீடுகளில் இன்வெர்ட்டரை எங்கே வைக்கிறோம்? படிக்கட்டுக்கு அடியில், பக்கத்துச் சுவரில் சாமி படம், காலையும் மாலையும் விளக்கு, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. சார்ஜ் நடக்கும் இடத்தில் இது எதுவும் கூடாது. செல்லுக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தீக்குச்சி, லைட்டர் பிடிக்கவே கூடாது. செல்போன் டார்ச் போதும், அதையும் எட்ட நின்று அடியுங்கள்.

பேட்டரி வெடிப்பது பெரும்பாலும் கிளிப்பை மாட்டும்போதும் கழற்றும்போதும் வரும் பொறியால்தான். ஆகவே வரிசை முக்கியம். சார்ஜரின் பிளக் சுவரில் ஆஃபில் இருக்கும்போதே சிவப்புக் கிளிப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் மாட்டிவிட்டு, அதன்பின் சுவிட்ச். முடிக்கும்போது முதலில் சுவிட்ச், அதன்பின் கிளிப். ஸ்பானர் பிடிப்பவர் கையில் மோதிரம், கடிகாரம், காப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பானரோ மோதிரமோ இரண்டு டெர்மினலையும் ஒருசேரத் தொட்டால், சார்ஜ் ஏறிய பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் கொடுக்கும். தங்கம் விரலோடு சேர்ந்து உருகும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை. நல்ல பருத்தித் துணி போட்டுக்கொண்டு கிட்டே போகாதீர்கள். ஒரு துளி பட்டால் அன்றைக்குத் தெரியாது, துவைத்துக் காயப்போடும்போது ஓட்டை ஓட்டையாகத் தெரியும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு பாக்கெட் ஆப்ப சோடாவும் இருக்கட்டும். தரையில் சிந்தினால் சோடாவைத் தூவினால் பொங்கி அடங்கும். உடம்பில், கண்ணில் பட்டால் சோடா வேண்டாம், தண்ணீர்தான். கண் என்றால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரத்துக்குக் குறையாமல் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு, எரிச்சல் இல்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

இனி சார்ஜ். இன்வெர்ட்டரின் இரண்டு வயரையும் பேட்டரியிலிருந்து கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் 15, 16 வோல்ட் வரை போகும், இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. பேட்டரியைச் சுற்றிப் பாருங்கள். பக்கம் உப்பியிருந்தாலோ விரிசலில் ஈரம் இருந்தாலோ சார்ஜ் போடவே வேண்டாம், நேரே எக்ஸ்சேஞ்ச். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் மூடிகளை இறுக்கிவிட்டு, சோடா கலந்த வெந்நீரால் துடைத்துக் காயவையுங்கள். அந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் செல்லுக்குள் போகக் கூடாது. பிறகு ஒவ்வொரு செல் மூடியையும் திறந்து பிளேட் மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூழ்கவில்லை என்றால் மூழ்கும் அளவுக்கு மட்டும் பேட்டரித் தண்ணீர் ஊற்றுங்கள். செல்லில் தண்ணீர் அளவு காட்டும் மிதவையின் பச்சைக் கோடு வரை இப்போது நிரப்பினால், சார்ஜ் ஏறும்போது திரவம் விரிந்து ஆசிட் பொங்கி வழியும். கோடு வரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு.

பேட்டரித் தண்ணீர் என்றால் கடையில் கேனில் விற்கும் டி.எம். வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) அல்லது டிஸ்டில்டு வாட்டர். ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கத்தான் நல்லது, அதில் உப்பு மிச்சம் இருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது செம்புக் குழாய், அலுமினியத் தகடு, தூசி எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வருவது. பேட்டரிக்குள் செம்பும் இரும்பும் போனால் அது சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்கும்.

முதலில் 2, 3 ஆம்பியர் போதும். சுவிட்ச் போட்டதும் ஒரு வேடிக்கை பார்ப்பீர்கள். வோல்டேஜ் ஜிவ்வென்று 15-ஐத் தாண்டும், ஆம்பியர் முள் பூஜ்யத்தை விட்டு அசையாது. அனுபவம் இல்லாதவர்கள் இதைப் பார்த்து "ஃபுல் ஆயிடுச்சு" என்பார்கள், அல்லது "கரண்ட்டே வாங்கவில்லை, செத்துவிட்டது" என்பார்கள். இரண்டும் இல்லை. சல்ஃபேட் படலம் வழி விடாமல் நிற்கிறது, அவ்வளவுதான். வோல்டேஜ் 15, 16-க்கு மேல் போகாமல் குமிழை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில மணி நேரத்திலோ அடுத்த நாளிலோ முள் மெல்ல எழும்பும், அதே நேரம் வோல்டேஜ் 15-லிருந்து 13, 12 என்று இறங்கும். சார்ஜ் போடும்போது வோல்டேஜ் இறங்கினால் அது நல்ல செய்தி. பிளேட் கரண்ட் வாங்க ஆரம்பித்துவிட்டது. ஒன்றரை நாள் கழித்தும் அரை ஆம்பியரைத் தாண்டவில்லை என்றால் இறுகிப்போய்விட்டது, விட்டுவிடலாம்.

முள் எழும்பியதும் 5 ஆம்பியருக்கு, அதிகம் போனால் 7 ஆம்பியருக்கு ஏற்றுங்கள். சாதாரண நாளில் இந்தப் பேட்டரி 15 ஆம்பியரைத் தாராளமாக வாங்கும். ஆனால் இப்போது பிளேட்டின் நல்ல பகுதி கொஞ்சம்தான், மொத்தக் கரண்ட்டும் அதன் தலையில் இறங்கும்; சூடாகிப் பொருமிவிடும். கடைக்காரர்களிடம் சண்டை வருவது இங்கேதான். அவர்களுக்குப் பெஞ்ச் காலியாக வேண்டும், 20 ஆம்பியர் போட்டுச் சாயங்காலமே கொடுத்துவிடுவார்கள். "அண்ணே, அவசரமில்ல, 5 ஆம்பியர்ல மூணு நாள் கிடக்கட்டும், கூட வேணும்னாலும் தர்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணக்கு எளிது: 150 ஏ.ஹெச், விரயத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து 180. 5 ஆம்பியரில் 36 மணி நேரம். கெட்டிப்பட்ட சல்ஃபேட்டுக்காக இன்னும் ஒரு நாள். மூன்று நாளும் சேர்த்து ஆகும் கரண்ட் ஐந்தாறு யூனிட்தான்.

நடுநடுவே பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்தி ஆறவிட்டு மறுபடி போட வேண்டும். உள்ளே 50 டிகிரியைத் தொடக் கூடாது. ஒரு செல் மட்டும் சுட்டு மற்றவை ஆறிக் கிடந்தால் அந்தச் செல் ஷார்ட். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் யோசிக்காமல் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள், அது விஷ வாயு. இரவில் தூங்கப் போகும்போது ஆஃப் செய்துவிட்டு, காலையில் மறுபடி போடுங்கள். விட்டு விட்டுப் போட்டால் பலன் குறைந்துவிடாது.

எப்போது நிறுத்துவது? எல்லாச் செல்லிலும் பொங்கிப் பொங்கிக் குமிழி வர வேண்டும். ஹைட்ரோமீட்டர் விட்டு மணிக்கு ஒருமுறை கிராவிட்டி பார்த்து, அடுத்தடுத்து மூன்று முறையும் ஒரே எண் வந்தால் இனி ஏறாது, போதும். ஹைட்ரோமீட்டர் என்பது ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு மிதவை. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், வீட்டில் ஒன்று இருப்பது நல்லது. சார்ஜ் போடும் முன் உங்கள் பேட்டரியில் விட்டால் மிதவை எழும்பாமல் அடியிலேயே கிடக்கும், ஏனென்றால் உள்ளே இருப்பது கிட்டத்தட்டத் தண்ணீர். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உறிஞ்சிய திரவத்தை அதே செல்லில் திரும்ப விடுங்கள், வேறு செல்லில் விட்டால் இரண்டு கணக்கும் தப்பாகிவிடும்.

சார்ஜ் முடிந்து ஒரு நாள் சும்மா வைத்த பிறகு பார்க்கும் எண்தான் தீர்ப்பு. டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரி நிறைந்திருந்தால் 1240 (அதாவது 1.240) பக்கம் இருக்கும் (சரியான எண் பேட்டரியின் மேலேயே அச்சிட்டிருக்கும், காருக்கு இதைவிடக் கூடுதல்). ஆறு செல்லும் 1200-க்கு மேல், ஒன்றுக்கொன்று 20, 30 வித்தியாசத்துக்குள் இருந்தால் சந்தோஷப்படுங்கள். ஐந்து செல் 1220 காட்டி ஒன்று மட்டும் 1120-ல் நின்றால் அந்த ஒன்று மற்ற ஐந்தையும் கீழே இழுத்துவிடும். மெக்கானிக் மொழியில் "ஒரு செல் போயிடுச்சு". மீட்டரிலும் இதைப் பார்க்கலாம். நிறைந்த பேட்டரி 12.5, 12.6 காட்டும், ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.1. ஒரு நாள் ஆறிய பிறகு 10.5-லேயே நின்றால் ஒரு செல் முழுசாக ஷார்ட், மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம். ஹைட்ரோமீட்டரில் வரும் திரவம் பழுப்பாகக் கலங்கியிருந்தால் பாசிட்டிவ் பிளேட் உதிர்கிறது என்று அர்த்தம்.

இப்போது அந்த 1,500 ரூபாய் ஆசிட் விஷயம். இது ஏமாற்று என்று தெரிந்து செய்பவர்களும் உண்டு, தெரியாமலே நல்லெண்ணத்தில் செய்பவர்களும் உண்டு. செல்லின் வோல்டேஜ் என்பது ஏறக்குறைய கிராவிட்டியோடு 0.84-ஐக் கூட்டினால் வருவது. காலிப் பேட்டரியின் திரவத்தைக் கொட்டிவிட்டு 1.240 ஆசிட் ஊற்றினால் 1.24-ம் 0.84-ம் சேர்ந்து 2.08, ஆறு செல்லுக்கு 12.5 வோல்ட். சார்ஜே போடாமல் மீட்டர் 12-ஐத் தாண்டிக் காட்டும்! இன்வெர்ட்டரும் நம்பிவிடும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆனால் பழைய அமிலத்தின் சல்ஃபேட் எங்கேயும் போகவில்லை, பிளேட்டில்தான் ஒட்டியிருக்கிறது. சார்ஜ் ஏற ஏற அதுவும் இறங்கிப் புது ஆசிட்டோடு சேர்ந்தால் கிராவிட்டி எகிறும், பாசிட்டிவ் பிளேட்டின் தண்டுகள் அரிக்கும். கொஞ்ச காலம் ஓடிவிட்டு மொத்தமாகப் படுக்கும், அப்போது எந்த வைத்தியமும் எடுக்காது. ஆசிட் சாய்ந்து கொட்டிப்போனால் மட்டுமே ஆசிட் ஊற்ற வேண்டும். ஆவியாகிக் குறைவது தண்ணீர் மட்டும்தான்.

எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்ஃபேட். சல்ஃபேட் இறுகி நிற்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் சல்ஃபேட் போட்டுக் கரைக்கப் பார்க்கிறோம், என்ன கரையும்? அந்த வீடியோக்களில் பேட்டரி பிழைத்தது பொய் என்று சொல்லவில்லை. உப்பைப் போட்டுவிட்டுக் குறைந்த கரண்டில் ஒரு நாள் முழுக்க சார்ஜ் போடுவார்கள், கவனித்துப் பாருங்கள். வேலை செய்தது சார்ஜ், பேர் உப்புக்கு. ஆஸ்பிரின் மாத்திரை போடச் சொல்லும் வீடியோ இதைவிட மோசம். அது ஆசிட்டில் சிதைந்து அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் உள்ள அமிலம், உண்டாகும். அது ஈயத்தை அரிக்கும்.

தம்பி மகன் சொல்லும் கார் பேட்டரி யோசனையில் விஷயம் இருக்கிறது. நல்ல பேட்டரியைப் பக்கத்தில் இணைத்தால் இன்வெர்ட்டரோ ஆட்டோமேட்டிக் சார்ஜரோ 12 வோல்ட்டைப் பார்த்து சார்ஜ் போட ஆரம்பிக்கும். ஆனால் உங்கள் பேட்டரியில் ஒரு செல் ஷார்ட் என்றால் கார் பேட்டரி தன் சரக்கை எல்லாம் அதில் கொட்டும், வயர் பழுக்கும், ஒரு கிளிப் பிளஸ் மைனஸ் மாறினால் இரண்டு பேட்டரியும் போகும். பெஞ்ச் சார்ஜர் ஊரில் இருக்கும்போது இது தேவையில்லை. அவன் இன்னொரு வீடியோவும் பார்த்திருப்பான்: 230 வோல்ட் லைனில் ஒரு டையோடும் ஒரு குண்டு பல்பும் தொடராகப் போட்டு நேரே பேட்டரிக்கு. அதில் பேட்டரியின் டெர்மினலே வீட்டுக் கரண்ட்டோடு தொடர்பில் இருக்கிறது, தொட்டால் ஆள் போய்விடுவார். அதைச் செய்ய அவனை விடாதீர்கள், அக்கா மகன் தங்கை மகன் யாரையும் விடாதீர்கள்.

கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸில் இருக்கும் சின்ன மூடிய பேட்டரிக்கும் நான் சொன்னது பொருந்தாது. அதைத் திறக்க முடியாது, 15, 16 வோல்ட் போட்டால் உப்பிவிடும். அதன் மேல் அச்சிட்டிருக்கும் வோல்டேஜைத் தாண்டக் கூடாது. அது படுத்தால் மாற்றிவிடுங்கள்.

கிராவிட்டி நன்றாக வந்தால் டி.எம். வாட்டரைக் கோடு வரை நிரப்பி, டெர்மினலில் வாசலின் தடவி இன்வெர்ட்டரோடு இணையுங்கள். இணைக்கும்போது ஒரு பொறி கட்டாயம் வரும், இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் நிறைவதால். ஆகவே சார்ஜ் முடிந்த சூட்டோடு செய்யாமல், வாயு எல்லாம் கலைந்த பின், மூடிகளை மாட்டிவிட்டுச் செய்யுங்கள். பிறகு மெயினை அணைத்துவிட்டு, எப்போதும் ஓட்டும் இரண்டு ஃபேன், இரண்டு லைட்டை ஓட விடுங்கள். மொத்தம் 150 வாட் என்றால் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் போகும். புதிதாக இருந்தபோது எட்டு மணி நேரம் வந்திருக்கும். இப்போது நான்கு, ஐந்து மணி நேரம் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு முறை இப்படி இறக்கி ஏற்றினால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு மணி நேரத்தில் பீப் அடித்தால் போதும், விட்டுவிடலாம். சோதனை முடிந்த கையோடு மெயினைப் போட்டு முழு சார்ஜ் ஏற்றிவிடுங்கள், காலியாக ஒரு இரவுகூட வைக்காதீர்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்று வந்தால், பழையதைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள். எடையில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயப் பொருளும்தான், எக்ஸ்சேஞ்சில் நல்ல தொகை கழிப்பார்கள். இரண்டு கடையில் விலை கேளுங்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரி மறுசுழற்சிக்குப் போய்ச் சேர வேண்டும், அதனால் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். எடைக்கு எடுக்கும் ஆள் "ஆசிட்டைக் கொட்டிட்டுக் குடுங்க" என்றால் கொடுக்காதீர்கள். அந்தத் திரவத்தில் ஈயம் கலந்திருக்கிறது; சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ கொட்டும் பொருள் இல்லை.

அடுத்த முறை பேரக் குழந்தையைப் பார்க்கக் கிளம்பும்போது, முதல் நாள் முழு சார்ஜ் ஏற்றி, தண்ணீர் அளவு பார்த்து, இன்வெர்ட்டரை முன்பக்க சுவிட்சில் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றித் துணி சுற்றி வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் தனியாக இருந்தாலும் மாதாமாதம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம்பி வீட்டிலிருந்து யாராவது வந்து வயரை மாட்டி ஒரு நாள் சார்ஜ் போட்டால் போதும். பேட்டரியைச் சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று யாராவது சொல்வார்கள். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அந்தப் பயம் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் வையுங்கள்.

சார்ஜ் முடிந்து ஒரு நாள் ஆறியதும் ஆறு செல்லின் கிராவிட்டியையும், மொத்த வோல்டேஜையும், ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் எழுதி அனுப்புங்கள். பிளஸ் பக்கத்துச் செல்லை ஒன்று என்று வைத்து வரிசையாக எழுதினால் எனக்குப் பார்க்கச் சுலபம்.